இரண்டு பஞ்சாப், ஒரே புகை: எந்த வழி நடக்கும்?

2021 டிசம்பரில் டெல்லிக் காற்று மாசு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஆலைகளை மூடுவதால் பயனில்லை, கெட்ட காற்று பெரும்பாலும் பாகிஸ்தான் பக்கமிருந்து வருகிறது என்றார் உத்தரப்பிரதேச அரசின் வழக்கறிஞர். அப்படியானால் பாகிஸ்தானில் இருக்கிற ஆலைகளுக்கு நாங்கள் தடை போட வேண்டுமா என்று திருப்பிக் கேட்டார் தலைமை நீதிபதி ரமணா.

மூன்று ஆண்டு கழித்து அதே கதை எதிர்த்திசையில் ஓடியது. 2024 இலையுதிர் காலத்தில் லாகூர் மூச்சுத் திணறியது. காற்றுத் தரக் குறியீடு 1,000-ஐத் தாண்டிய நாள்களும் உண்டு. பள்ளிகளை மூடினார்கள். பாகிஸ்தான் பஞ்சாபின் முதலமைச்சர் மரியம் நவாஸ், இந்தியப் பஞ்சாபின் முதலமைச்சர் பகவந்த் மானுக்குக் கடிதம் எழுத நினைப்பதாகச் சொன்னார். அதற்கு பகவந்த் மான் அடித்த கிண்டல் பரவலாகச் சுற்றியது: டெல்லிக்காரர்கள் உங்கள் புகை எங்களிடம் வருகிறது என்கிறார்கள், லாகூர்க்காரர்களும் அதையே சொல்கிறார்கள், எங்கள் புகை என்ன வட்டமடித்துக்கொண்டே இருக்கிறதா?

கிண்டல்தான். ஆனால் உண்மைக்கு ரொம்பத் தூரத்திலும் இல்லை. அந்தப் புகை ஏறக்குறைய வட்டமடிக்கத்தான் செய்கிறது.

அரசியலைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைப்போம். இரண்டு அரசுகளும் சரி, ஏதாவது செய்வோம் என்று உட்கார்ந்தால் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம்? எல்லை தாண்டும் புகைக்கு உலகத்தில் ஏற்கெனவே ஐந்தாறு வழிகளைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சில பலித்தன, சில காகிதத்தோடு நின்றன. ஒவ்வொன்றையும் இந்த எல்லையில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் இது எந்த மாதிரிப் புகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் வழியைத் தேடினால் தலைவலிக்குக் காலில் தைலம் தேய்த்த கதைதான்.

அமிர்தசரஸுக்கும் லாகூருக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இரண்டும் ஒரே சமவெளி. அக்டோபர், நவம்பரில் நெல் அறுவடை முடிந்ததும் வயலில் நிற்கிற அரிதாளை எரிக்கிறார்கள். அறுவடை எந்திரம் கதிரை மட்டும் கொய்துவிட்டு அடித்தாளை விட்டுவிடுகிறது. கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரம்தான் இருக்கிறது. தீக்குச்சியைவிட மலிவான வேலையாள் யார்? இதில் ஒரு கொடுமையான திருப்பமும் உண்டு. நிலத்தடி நீரைக் காப்பாற்ற இந்தியப் பஞ்சாப் 2009-இல் ஒரு சட்டம் போட்டு நடவைத் தள்ளிப்போட்டது. நல்ல நோக்கம். ஆனால் நடவு தள்ளினால் அறுவடையும் தள்ளும். காற்று அசையாமல் கிடக்கும் குளிர்கால வாசலில் போய் எரிப்பு உட்கார்ந்துகொண்டது. அந்த வாரங்களில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதன் மேல் வெதுவெதுப்பான காற்றும் நிற்கும். பானைக்கு மூடி போட்ட மாதிரி. கீழே எது எரிந்தாலும் கீழேயே தங்கும்.

அரிதாள் மட்டும் காரணம் இல்லை. வண்டிப் புகை, செங்கல் சூளை, ஆலை, சாலைத் தூசி எல்லாம் ஆண்டு முழுக்க இருக்கிறது. எரிப்பு வந்து அதற்கு மேல் விழுகிறது. லாகூரில் இதை ஐந்தாவது பருவம் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

இப்போது திசை. காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக வீசும், அதாவது பாகிஸ்தானிலிருந்து இந்தியப் பக்கமாக. அப்படி வீசும்போது இந்தியப் பஞ்சாபின் காற்று மாசில் 30 சதவீதம் பாகிஸ்தான் பஞ்சாபிலிருந்து வருகிறது என்று உலக வங்கியின் 2023 அறிக்கை சொன்னது. காற்று நின்றாலோ கிழக்கிலிருந்து அடித்தாலோ இந்தப் பக்கத்துப் புகை லாகூரில் இறங்கும். ஆக, கொடுப்பவன் பெறுபவன் என்ற பிரிவு இங்கே நிலையாக இல்லை. புகை வருவதும் ஒரு புகைபோக்கியிலிருந்து இல்லை, லட்சக்கணக்கான வயல்களிலிருந்தும் வண்டிகளிலிருந்தும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் வழிகளில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

வழக்குப் போடுவது

எல்லை தாண்டும் புகை என்றதும் சட்டம் படித்தவர்கள் முதலில் சொல்லும் பெயர் ட்ரெயில். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், அமெரிக்க எல்லையிலிருந்து 11 கிலோமீட்டர் போல, ஒரு துத்தநாக, ஈய உருக்காலை. 1920களில் அதன் உயரமான புகைபோக்கிகளிலிருந்து கந்தக டைஆக்சைடு கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே இறங்கி, வாஷிங்டன் மாநில உழவர்களின் பயிரையும் மரங்களையும் கருக்கியது. இரு நாட்டுக் கூட்டு ஆணையம் 1931-இல் 3,50,000 டாலர் இழப்பீடு சொன்னது. உழவர்களுக்கு அது போதவில்லை. 1935-இல் தனி நடுவர் மன்றம் அமைத்தார்கள். 1938-இல் இன்னொரு 78,000 டாலர், 1941-இல் இறுதித் தீர்ப்பு. தன் மண்ணிலிருந்து கிளம்பும் புகையால் அண்டை நாட்டுக்குக் கடுமையான, தெளிவாக நிரூபிக்கக்கூடிய தீங்கு வர எந்த நாடும் இடம் கொடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். உலகச் சுற்றுச்சூழல் சட்டத்தின் பால பாடமே இதுதான்.

தீர்ப்பைவிட அதற்கு முந்தின ஏற்பாடுதான் எனக்குச் சுவையாகப் படுகிறது. மன்றம் இரண்டு அறிவியலாளர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டது. சில பருவங்கள் காற்றையும் புகையையும் அளந்து பார்த்த பிறகுதான், எந்த வானிலையில் ஆலை எவ்வளவு புகை விடலாம் என்று வகுத்துக் கொடுத்தது. ஆலைக்காரர்கள் கந்தகத்தைப் பிடித்து அமிலமாக்கி உரம் தயாரித்து விற்றார்கள். வழக்கு முடிவதற்குள் புகை வியாபாரமாகிவிட்டது.

ஆனால் அங்கே ஒரே ஆலை, ஒரே பள்ளத்தாக்கு, ஒரே திசை. முதலில் குறைகேட்ட நாளிலிருந்து முடிவு வர ஏறக்குறைய பதினைந்து ஆண்டு. அதுவும் நட்பு நாடுகளுக்கு இடையே. பஞ்சாபில் யார்மேல் வழக்குப் போடுவது? எந்த வயலின் புகை எந்த நுரையீரலில் போனது என்று யார் நிரூபிப்பது?

அதற்கு முன்பே கதவு சாத்திக் கிடக்கிறது. பன்னாட்டு நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்ட இந்தியா, பாகிஸ்தான் உட்பட காமன்வெல்த் நாடுகளோடு வரும் வழக்குகளை அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. 1999-இல் இந்தியா சுட்டு வீழ்த்திய தன் விமானம் தொடர்பாக பாகிஸ்தான், அந்த நீதிமன்றம் இருக்கிற தி ஹேக் போனபோது, 2000-இல் நீதிமன்றம் இதே காரணத்தைச் சொல்லித் தனக்கு அதிகாரம் இல்லை என்றுவிட்டது. புகைக்கு மட்டும் திறக்குமா?

வழக்கை மிரட்டலாகப் பயன்படுத்தலாம் என்பார்கள். எக்குவடோர் அப்படிச் செய்தது. கொக்கெயின் எடுக்கும் கோகா செடிகளை அழிக்க அண்டை நாடான கொலம்பியா விமானத்தில் தெளித்த களைக்கொல்லி எல்லை தாண்டி விழுகிறது என்று 2008-இல் வழக்குப் போட்டது. 2013-இல் வெளியிலேயே பேசித் தீர்த்தார்கள், கொலம்பியா 1.5 கோடி டாலர் கொடுத்தது. அங்கேயும் ஒரு பக்கம்தான் தெளித்தது. இரண்டு பக்கமும் எரிக்கும் இடத்தில் மிரட்டல் போட்டவர்மேலேயே திரும்பும்.

நமக்கு நாமே சட்டம்

2013 ஜூனில் சுமத்ராவில் எரிந்த காட்டு, தோட்டப் புகையால் சிங்கப்பூரின் மாசுக் குறியீடு 401-ஐத் தொட்டது. அதற்கு முன் அந்த ஊர் பார்க்காத எண். மறு ஆண்டே ஒரு சட்டம் போட்டார்கள்: எந்த நாட்டில் எரித்தாலும் சரி, சிங்கப்பூருக்குள் புகை வரக் காரணமான நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 1,00,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், மொத்தம் 20 லட்சம் வரை. 2015-இல் மறுபடி புகை சூழ்ந்ததும் இந்தோனேசிய நிறுவனங்களுக்கு நோட்டீஸ் போனது. ஜகார்த்தாவுக்குக் கோபம் வந்தது. பதினோரு மாதம் எங்கள் காட்டு நல்ல காற்றை அனுபவித்தபோது நன்றி சொன்னீர்களா, ஒரு மாதப் புகைக்கு மட்டும் புகாரா என்ற ரீதியில் அந்நாட்டுத் துணை அதிபர் யூசுப் கல்லா பேசியது இன்றும் மேற்கோளாக ஓடுகிறது.

இந்தச் சட்டத்துக்குப் பிடி எங்கே இருக்கிறது? பெரிய பாமாயில், காகிதக் கூழ் நிறுவனங்களுக்குச் சிங்கப்பூரில் அலுவலகமும் வங்கிக் கணக்கும் பங்குதாரரும் உண்டு. அங்கே பிடிக்கலாம். ஐந்து ஏக்கர் நெல் போட்ட ஷேக்குபுரா உழவருக்கு இந்தியாவில் என்ன இருக்கிறது? தரன் தாரன் உழவருக்கு லாகூரில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. இந்த வழியை இத்தோடு விடலாம்.

இதற்கு ஒரு தம்பி வழி உண்டு, வணிகத்தால் நெருக்குவது. எரித்த வயலில் விளைந்த சோளத்தை வாங்கமாட்டோம் என்று தாய்லாந்து தன் அண்டை நாடுகளிடம் சொல்லத் தொடங்கியிருக்கிறது. வாங்கினால்தானே வாங்கமாட்டேன் என்று சொல்ல முடியும்? இரு நாட்டுக்கும் இடையிலான அட்டாரி, வாகா தரைவழி மூடிக் கிடக்கிறது.

பணம் கொடுத்துச் சுத்தம் செய்வது

என் வீட்டில் ஒரு ரூபாய் செலவழித்துக் குறைக்கும் புகையைவிட, பக்கத்து வீட்டில் அதே ரூபாயால் கூடுதலாகக் குறைக்க முடியும் என்றால் அங்கே செலவழிப்பதுதான் கணக்குப்படி சரி. கேட்க நன்றாக இருக்கிறது. நடந்த கதை இரண்டு விதம்.

நார்வே எல்லையிலிருந்து சில கிலோமீட்டரில் ரஷ்யாவின் நிக்கல் என்ற ஊர், பெயருக்கேற்ற உருக்காலையோடு. 1990இலேயே நார்வேயில், சோவியத்திலிருந்து வரும் சாவு மேகங்களை நிறுத்து என்று இயக்கம் நடந்தது. நவீனமாக்கப் பணம் தருகிறோம் என்றது நார்வே. பேச்சு வார்த்தை, ஒப்பந்தம், தள்ளிவைப்பு என்று ஆண்டுகள் ஓடின, ஆலை மட்டும் மாறவில்லை. 2020 டிசம்பரில் அதைப் பூட்டியதும் அந்த நிறுவனமே, தன் சொந்தக் கணக்கில்.

இன்னொரு பக்கம், செக், போலந்து, கிழக்கு ஜெர்மனி மூன்றும் சந்திக்கும் இடம், கறுப்பு முக்கோணம் என்று பெயர் வாங்கியது. பழுப்பு நிலக்கரி மின் நிலையங்களின் புகையில் மலைக்காடுகள் நின்றபடியே செத்தன. 1991-இல் மூன்று நாடும் கை கோத்தன. ஜெர்மனியிலிருந்தும் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்தும் பணம் வந்தது. 1998 முடிவதற்குள் செக் மின் நிலையங்களில் கந்தகத்தைப் பிடிக்கும் கருவிகள் வந்துவிட்டன, அல்லது பழைய நிலையத்தை மூடிவிட்டார்கள். காடு மெல்லத் திரும்பியது. நிக்கலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? செக்கும் போலந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரத் துடித்துக்கொண்டிருந்தன. பணத்தோடு ஓர் ஆசையும் இருந்தது. அந்த ஆசை இல்லாத இடத்தில் பணம் வாங்கிக்கொள்ளவும் ஆள் வரமாட்டார்கள்.

இந்திய வரிப்பணம் லாகூர்ச் சூளைக்குப் போகிறது என்று ஒரு தலைப்புச் செய்தியைக் கற்பனை செய்து பாருங்கள். எந்தக் கட்சி தாங்கும்? மூன்றாவது கை, அதாவது ஒரு வளர்ச்சி வங்கி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே திட்டத்துக்குக் கடன் கொடுத்தால் மட்டுமே இது நகரும். அரிதாளை அகற்றாமலே விதைக்கும் ஹாப்பி சீடர், சூப்பர் சீடர் எந்திரங்களுக்கு இரண்டு அரசுகளும் தனித்தனியே மானியம் கொடுக்கத்தான் செய்கின்றன. இந்தியா 2018இலிருந்து தனி உழவருக்கு 50 சதவீதமும், வாடகை மையங்களுக்கும் கூட்டுறவுகளுக்கும் 80 சதவீதமும் தருகிறது. பணத்தைச் சேர்த்துப் போட முடியாவிட்டாலும், எந்த எந்திரம் எந்த மண்ணில் மாட்டிக்கொள்கிறது என்ற பாடத்தையாவது பகிரலாம். விதை ஏற்கெனவே பகிரப்பட்டுவிட்டது. நம் பூசா 1121 பாஸ்மதி அங்கே கைனாத் என்ற பெயரில் விளைகிறது. அதற்கு விசா கேட்டவர் யாரும் இல்லை.

பெரிய உடன்படிக்கை

எல்லோருக்கும் பிடித்த வழி இது. கருத்தரங்குகளில் காற்று மாசு பற்றிப் பேசுகிற யாரும் கடைசியில் தெற்காசியாவுக்கு ஐரோப்பாவின் ஜெனீவா காற்று மாசு உடன்படிக்கை போல ஒன்று வேண்டும் என்று முடிப்பார்கள். அதனால் இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1960களின் கடைசியில், தங்கள் ஏரிகளைக் கெடுக்கும் அமில மழை பிரிட்டனிலிருந்தும் நடு ஐரோப்பாவிலிருந்தும் வருகிறது என்று சுவீடனின் மண்ணியலாளர் ஸ்வாந்தே ஓடேன் சொன்னார். முதலில் நம்பியவர்கள் குறைவு. 1979 நவம்பரில் ஜெனீவாவில் நெடுந்தொலைவு எல்லை தாண்டும் காற்று மாசு உடன்படிக்கை கையெழுத்தானது. பனிப்போரின் நடுவில், இரண்டு முகாமும் சேர்ந்து. அந்தக் காகிதத்தில் எந்த நாடும் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஓர் எண்கூடக் கிடையாது. எண் வந்தது 1985-இல், ஹெல்சின்கி நெறிமுறையில்: 1993-க்குள் கந்தகத்தை 1980 அளவிலிருந்து 30 சதவீதம் குறைப்பது. பிரிட்டனும் போலந்தும் அமெரிக்காவும் அதில் சேரவில்லை. இன்று ஐரோப்பாவின் கந்தக வெளியேற்றம் 1990-ஐ ஒப்பிட 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. எரிவாயுவுக்கு மாறியதும் கிழக்கில் பழைய ஆலைகள் விழுந்ததும் அதில் பெரும்பங்கு, உடன்படிக்கைக்கு மட்டும் மாலை போட முடியாது.

சரி, ஏன் பலித்தது? எனக்குத் தெரிந்து இரண்டு காரணம். ஒன்று, பெரிய குற்றவாளிகளில் ஒன்றான மேற்கு ஜெர்மனி 1980களின் தொடக்கத்தில் தன் சொந்தக் காடுகள் சாவதைப் பார்த்தது. அதுவரை தயங்கியவர்கள் ஒரே பாய்ச்சலில் கட்சி மாறினார்கள். அண்டை வீட்டானுக்காக இல்லை, தனக்காக. இரண்டு, எண்ணைப் பற்றிச் சண்டை போடுவதற்கு முன்பே அளப்பதற்கு ஓர் அமைப்பு வந்துவிட்டது. ஈமெப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள், 1977-இல் தொடங்கியது. காற்றைக் கணிக்கும் மையங்களில் ஒன்று ஆஸ்லோவில், இன்னொன்று மாஸ்கோவில். இரண்டு முகாமும் தங்கள் ஆட்கள் போட்ட கணக்கையே மேசையில் பார்த்தன. யார் புகை யாரிடம் போகிறது என்ற அந்தப் பட்டியல்களுக்குப் பழிப் பட்டியல் என்றே ஒரு செல்லப்பெயர் இருந்தது.

தெற்காசியாவுக்கும் ஒரு காகிதம் உண்டு. 1998-இல் மாலத்தீவில் கையெழுத்தான மாலே பிரகடனம். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை உட்பட எட்டு நாடுகள். பெயரிலேயே எல்லை தாண்டும் விளைவுகள் என்று வருகிறது. கண்காணிப்பு நிலையம், பயிற்சி என்று சில வேலை நடந்தது, குறைப்பு இலக்கு வரவே இல்லை. தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் கடைசி உச்சி மாநாடு நடந்ததே 2014-இல், காத்மாண்டுவில். தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் இதைவிட ஒரு படி மேலே போய் 2002-இல் புகைமூட்ட ஒப்பந்தமே போட்டது. புகை கிளம்பும் நாடான இந்தோனேசியா அதை ஏற்க 2014 வரை ஆனது. 2015-இல் வந்ததோ அதுவரை கண்டதில் மோசமான புகைகளில் ஒன்று. கையெழுத்து நெருப்பை அணைப்பதில்லை.

இப்போதைய நிலையில் இந்தியா பாகிஸ்தான் காற்று ஒப்பந்தம் என்று பேசுவது எனக்கு வீம்பாகப் படுகிறது. மூன்று போர்களைத் தாண்டி நின்ற 1960 சிந்து நதி ஒப்பந்தத்தையே 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இந்தியா நிறுத்தி வைத்தது. ஒப்பந்தம் உயரமாக இருந்தால் அது கொடிக்கம்பமாகிவிடும். கோபம் வரும்போது முதலில் இறக்குவது கொடியைத்தான்.

தலைநகருக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய குழு

அமெரிக்காவின் எல் பாசோவும் மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸும் ஓர் ஆற்றுக்கு அக்கரை இக்கரை. சுற்றிலும் மலை. குளிர்காலத்தில் அங்கேயும் மூடி போட்ட பானைதான். 1983-இல் இரு நாடும் போட்ட லா பாஸ் ஒப்பந்தத்தின் கீழ் 1996-இல் ஒரு கூட்டு ஆலோசனைக் குழு பிறந்தது. அதன் எல்லை நாட்டு எல்லையில்லை, காற்றின் எல்லை: டெக்சாஸின் எல் பாசோ, நியூ மெக்சிகோவின் ஒரு பகுதி, ஹுவாரெஸ். ஆற்றுக்குப் படுகை இருப்பதுபோலக் காற்றுக்கும் ஒரு படுகை உண்டு என்று ஏற்றுக்கொண்ட குழு. இரு பக்கமும் சம எண்ணிக்கை, அதிகாரிகளோடு ஊர்க்காரர்களும் தொழில்காரர்களும்.

அதிகாரம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அவர்கள் பேசியது எதைப் பற்றி என்று பாருங்கள். எல்லைப் பாலத்தில் எஞ்சினை ஓடவிட்டபடி மணிக்கணக்காக நிற்கும் கார்கள். அடிக்கடி கடப்பவர்களுக்குத் தனி வழித்தடம். ஹுவாரெஸின் செங்கல் சூளைகளில் எரியும் கழிவு மரமும் டயரும். ஒரு சூளையின் புகையைப் பக்கத்துச் சூளையில் அடுக்கிய பச்சைக் கற்களின் வழியே விட்டு வடிகட்டும் புதுச் சூளை ஒன்றை நியூ மெக்சிகோவில் வடிவமைத்தார்கள். எல் பாசோ மின் நிறுவனம் தன் நிலையத்தில் குறைக்க வேண்டிய அளவுக்குப் பதிலாக, ஆற்றுக்கு அப்பால் அந்தச் சூளைகளைக் கட்டிக் கணக்கில் காட்டிக்கொள்ள டெக்சாஸ் அனுமதித்தது. இரு பக்கமும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள் என்று ஒத்துக்கொண்ட பிறகே இப்படி ஒரு விதி சாத்தியமாகிறது.

அமெரிக்காவும் மெக்சிகோவும் எவ்வளவு சண்டை போட்டாலும் தினம் பல்லாயிரம் பேர் பாலம் கடக்கிறார்கள், இங்கே பாலமே இல்லையே என்று கேட்பீர்கள். நியாயம்தான். எல் பாசோவை அப்படியே தூக்கி வந்து அட்டாரியில் வைக்க முடியாது. ஆனால் இந்த வழிக்கு உள்ளூர்ச் சான்றே இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை.

ராஜஸ்தானின் முனாபாவ், அப்பால் சிந்துவின் கோக்ராபார். 1977 முதல், ஜூனிலிருந்து நவம்பர் வரை மாதம் ஒருமுறை இரண்டு நாட்டு வெட்டுக்கிளி அலுவலர்கள் இந்த இரண்டு இடத்தில் ஏதாவது ஒன்றில் சந்தித்து, பாலைவன வெட்டுக்கிளி எங்கே முட்டையிட்டது, எந்தப் பக்கம் கிளம்புகிறது என்று பேசும் வழக்கம் உண்டு. இதற்குப் பிரதமர்கள் கைகுலுக்க வேண்டியதில்லை, தொலைக்காட்சி வருவதில்லை. 2020-இல் வெட்டுக்கிளி படையெடுத்தபோது தூதரக உறவு அடிமட்டத்தில் கிடந்தது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஏற்பாட்டில் இந்தியா, பாகிஸ்தான், ஈரான், ஆப்கானிஸ்தான் அலுவலர்கள் காணொளியில் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று: 1988 ஒப்பந்தப்படி, 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று இரு நாடும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைக் கைமாற்றிக்கொள்கின்றன. கார்கில் போரையும் தாண்டி அது நடந்திருக்கிறது. அணு உலைப் பட்டியலைக் கொடுக்க முடிந்தவர்களுக்கு அமிர்தசரஸின் நுண்துகள் அளவைக் கொடுக்க முடியாதா?

ஒரு வேறுபாட்டை மறைக்கக்கூடாது. வெட்டுக்கிளிக்குக் குற்றவாளி கிடையாது. புகைக்கு இருக்கிறான், அதுவும் ஓட்டுப் போடுகிறவன். அதனால்தான் ஒப்பீடு செய்யும்போது நான் இந்தக் குழுவின் முதல் சில ஆண்டு வேலையிலிருந்து ஒன்றை வேண்டுமென்றே நீக்கி வைப்பேன்: யாருடைய பங்கு எத்தனை சதவீதம் என்ற கணக்கு. ஐரோப்பாவின் பழிப் பட்டியல் நல்ல கருவிதான், ஆனால் அளவைகளில் நம்பிக்கை வந்த பிறகு. இங்கே முதல் கூட்டத்திலேயே அதை எடுத்தால் அன்று மாலையே அது ஒரு முதலமைச்சரின் மேடைப் பேச்சில் இருக்கும்.

அப்புறம் என்ன பேசுவார்கள்? வானிலை. எந்த நாளில் மூடி விழப்போகிறது, எந்த நாளில் காற்று நகரும் என்ற கணிப்பு. லாகூரும் அமிர்தசரஸும் ஒரே மூடிக்கு அடியில் இருப்பதால் ஒரு பக்கம் மட்டும் சூளையை நிறுத்தி, பள்ளியை மூடிப் பெரிய பயனில்லை. இரண்டு பக்கமும் ஒரே மூன்று நாள் நிறுத்தினால் பலன் கண்ணுக்குத் தெரியும். ஒரே வகைக் கருவி, ஒரே அளவுத்திருத்தம், மணிக்கொரு எண். இதற்குக் கூரை வேண்டுமானால் காத்மாண்டுவில் இருக்கிறது: இமயமலைப் பகுதி நாடுகளின் ஆய்வு மையமான இசிமோட். இந்தியாவும் பாகிஸ்தானும் அதில் உறுப்பினர்கள்.

இதிலும் ஓட்டை உண்டு. ஆலோசனைக் குழு சொன்னால் யாரும் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தியாவுக்குள்ளேயே டெல்லி, பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம் ஐந்தையும் ஒரு வழிக்குக் கொண்டுவர 2021-இல் தனிச் சட்டம் போட்டு ஆணையம் அமைக்க வேண்டியிருந்தது. அதற்கும் பிறகு ஒவ்வொரு நவம்பரும் மாநிலங்கள் ஒன்றையொன்று கைகாட்டுவது நின்றபாடில்லை. ஒரே அரசியல் சாசனத்தின் கீழ் இந்தக் கதி. அதனால் இந்தக் குழு வந்தால் அடுத்த ஆண்டே வானம் நீலமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் மற்ற வழிகளோடு ஒப்பிட்டால் தோற்றாலும் நட்டம் குறைவு. உறவு கெட்டால் கூட்டம் நிற்கும், எண் நிற்காது. பின்னால் பெரிய உடன்படிக்கையோ வங்கிக் கடனோ வந்தால் நிற்பதற்குத் தரையும் இருக்கும்.

கனடா செய்த ஒன்றையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். 1980களில் அமெரிக்கா அமில மழைக்கு அசையாதபோது, கனடா தன் கிழக்கு மாகாணங்களில் கந்தகத்தைப் பாதியாகக் குறைக்கும் திட்டத்தை 1985-இல் தானே தொடங்கியது. கை சுத்தமாக இருந்தால்தான் பேச முடியும் என்ற கணக்கு. அமெரிக்கா 1990-இல் தன் சட்டத்தைத் திருத்தியது, 1991 மார்ச்சில் ஒட்டாவாவில் இருவரும் காற்றுத் தர ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பஞ்சாபுக்கு இதைப் பொருத்தினால், குழு கூடும்வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. லாகூர் தன் வண்டிப் புகையையும், அமிர்தசரஸ் தன் அரிதாளையும் தனக்காகவே குறைக்கலாம்.

முதல் கூட்டத்துக்கு என்ன நிகழ்ச்சி நிரல் என்று என்னைக் கேட்டால் ஒரே ஒன்றை வைப்பேன். இந்தியப் பஞ்சாபில் எரிப்பு எண்ணிக்கை 2023-இல் 36,663, 2024-இல் 10,909 என்று அரசுக் கணக்கு. பெரிய சாதனை. ஆனால் அந்தக் கணக்குக்கு அடிப்படையான செயற்கைக்கோள்கள் பிற்பகல் ஒன்றரை மணிவாக்கில் கடந்துவிடுகின்றன. உழவர்கள் அதற்குப் பிறகு தீ வைக்கிறார்களோ என்ற ஐயத்தை, ஒரே இடத்தில் நின்று பார்க்கும் கொரியச் செயற்கைக்கோளின் மாலை நேரப் படங்கள் கிளப்பின. அந்தச் செயற்கைக்கோளுக்கு இரண்டு பஞ்சாபும் ஒரே படத்தில்தான் தெரிகிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் நான்கு பேர் உட்கார்ந்து, மாலை நான்கு மணிப் படத்தில் இருக்கும் சிவப்புப் புள்ளிகளைச் சேர்ந்து எண்ணட்டும்.